மலைப்பாதையில் ஓடும் காரின் ஸ்டியரிங்: சோதிப்பதும் திருத்துவதும் – முழுமையான வழிகாட்டி

சமவெளியில் ஓடும் காரின் ஸ்டியரிங் பெரும்பாலான நேரம் நேராகவே இருக்கும். நம்ம பக்கத்தில் அது நேராக இருக்கிற நேரம்தான் குறைவு. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறினாலும் சரி, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று நுவரெலியாவுக்குப் போனாலும் சரி, அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கினாலும் சரி, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி திரும்பும்போது காரின் பாரம் முன்னால் சாய்ந்து, வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. அந்தச் சக்கரத்தைத் திசை மாறாமல் பிடித்து வைத்திருப்பவை பெருவிரல் பருமனுள்ள ஒரு கம்பியும் இரண்டு சிறிய மூட்டுகளும்தான்.

இதோடு தோட்டத்துப் பாதையின் கல், கானில் சக்கரம் விழும் அடி, மாதக்கணக்கில் பெய்யும் மழை, மூடுபனியின் ஈரம் எல்லாம் சேரும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் பதினைந்து, இருபது வருடப் பழைய கார்களும் வேன்களும் இன்னும் நம் பாதைகளில் முழு உழைப்பு உழைக்கின்றன. அவற்றின் ஸ்டியரிங்கைக் கவனிப்பது வாகனம் வைத்திருப்பவரின் முதல் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

ஸ்டியரிங் சரியில்லை என்றதும் நம்மில் பலர் நேராகச் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் எலைன்மென்ட் கடைக்குத்தான் போகிறோம். லூசான மூட்டின் மேல் செய்த எலைன்மென்ட் அடுத்த குழியோடு போய்விடும். காசும் வீண், ஆபத்தும் அப்படியே இருக்கும். முதலில் லூசைத் தேட வேண்டும், பிறகு பழுதான பாகத்தை மாற்ற வேண்டும், எலைன்மென்ட் கடைசியில். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒழுங்கிலேயே போகிறது.

எது எதோடு சேர்ந்திருக்கிறது

நாம் பிடிக்கும் ஸ்டியரிங் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. காலடிப் பக்கத்தில் அதற்கு யுனிவர்சல் ஜொயின்ட் இருக்கும். அது போய், வளையத்தின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றும் ஸ்டியரிங் ரேக்கில் சேருகிறது. ரேக்கின் இரண்டு முனையிலும் பூட் என்ற மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் மறைந்திருப்பது ரேக் எண்ட். அதில் திருகப்பட்டு வெளியே வருவது டை ரொட் எண்ட். அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பூட்டப்பட்டிருக்கும். நக்கிளின் அடியில், சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்க்கும் கீழ்க்கையான லோவர் ஆர்முக்கு மேல், போல் ஜொயின்ட். நம் தோள்மூட்டு எப்படி எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டே கையைக் கழலாமல் வைத்திருக்கிறதோ, அதுதான் போல் ஜொயின்ட்டின் வேலை.

பழைய ஹையேஸ் வேன், ஜீப், சிறு லொறிகளில் ரேக்குக்குப் பதிலாக ஸ்டியரிங் பெட்டி இருக்கும். அதிலிருந்து பிட்மன் ஆர்ம், நடுக்கம்பி, மறுபக்கம் ஐட்லர் ஆர்ம் என்று மூட்டுகள் கூடுதல். மூட்டு கூடினால் லூசாகும் இடமும் கூடும்.

வண்டி முன்கூட்டியே சொல்வது

ஸ்டியரிங் திடீரென்று கைவிடுவது அபூர்வம். வாரக்கணக்கில் சிறு சிறு குறி காட்டும். தினமும் ஓட்டுகிறவர் அதற்குப் பழகிப்போவதுதான் சிக்கல். அதனால் எப்போதாவது வேறொருவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வளைவில் திருப்பத் தொடங்கும்போது முதல் ஒரு அங்குலத்துக்கு வண்டி அசையாமல் இருந்து, பிறகு சட்டென்று திரும்பினால் எங்கோ லூசு இருக்கிறது. கல் பாதையில் முன்பக்கம் "டக் டக்" என்று கேட்டு, அதே அடி ஸ்டியரிங் வளையத்திலும் தெரிந்தால் டை ரொட் எண்ட் அல்லது ரேக் எண்ட். சத்தம் காலடியில் மட்டும் கேட்டு, கையில் ஒன்றும் தெரியாவிட்டால் பெரும்பாலும் ஷொக் அப்சோபர், ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ் போன்றவை. நிறுத்திய நிலையில் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரிச் சத்தம் வந்தால் ஷொக் அப்சோபரின் மேல் மவுன்டைப் பாருங்கள்.

வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால், நாமே இழுத்து நேராக்க வேண்டியிருந்தால், அது மலைப்பாதையில் மிகவும் கெட்ட குறி. அடுத்தடுத்த கொண்டை ஊசி வளைவுகளில் கைக்கு நேரம் போதாது. இறுகிப்போன போல் ஜொயின்ட், துருப்பிடித்த யுனிவர்சல் ஜொயின்ட், யாரோ அளவுக்கு மீறி இறுக்கிவிட்ட ரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

ஸ்டியரிங் நடுங்குவதற்கு நகரத்தில் முதலில் சொல்லும் காரணம் வீல் பேலன்ஸ். அந்த நடுக்கம் 80 கிலோமீற்றர் வேகத்தை ஒட்டித்தான் வரும். நம் பாதைகளில் 80ஐத் தொடும் இடமே அரிது. 40இல் நடுங்கினால் வளைந்த ரிம், டயருக்குள் கம்பி விட்டுப் புடைத்த இடம், அல்லது லூசான மூட்டு. பேலன்ஸ் செய்து திருப்திப்படாதீர்கள்.

வண்டி இடப்பக்கம் லேசாக இழுப்பதை உடனே பழுது என்று எடுக்க வேண்டாம். மழைநீர் ஓடுவதற்காகப் பாதை ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும். சமமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான்.

படி 1: இடம்

மலையகத்தில் இதுதான் முதல் தலைவலி. வீட்டு வாசல், லயத்துப் பாதை எல்லாமே சரிவு. சரிவில் ஜாக் போடவே கூடாது. தொழிற்சாலை முற்றம், விளையாட்டு மைதானத்தின் ஓரம், கோயில் முன்னால் சிமெந்து போட்ட இடம் எங்காவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண் தரையானால் ஜாக்குக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். மழை பெய்து ஊறிய மண்ணில் ஜாக் மெதுவாகப் புதையும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியவுடன் ஸ்டாண்ட் வைக்காமல் கீழே கையைக் கூட நீட்டாதீர்கள். செங்கல்லும் சிமெந்துக் கல்லும் ஸ்டாண்ட் ஆகாது. பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது நல்ல பழக்கம். ஸ்டாண்ட் சரிந்தாலும் இடைவெளி மிஞ்சும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: ஜாக், இரண்டு ஸ்டாண்ட், வீல் ஸ்பேனர், ரிங் ஸ்பேனர் செட், குறடு, டை ரொட் எண்ட் கழற்றும் புல்லர், நீண்ட லீவர் கம்பி, கம்பி பிரஷ், துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே, டோர்ச், அளவு நாடா. இறுக்க அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இரவல் கிடைத்தாலும் போதும். கூடவே ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்தால் சோதனையில் பாதி நடக்காது.

படி 2: சக்கரம் தரையில் இருக்கும்போதே

முதலில் டயரின் காற்று. காலையில், வண்டி ஓடுவதற்கு முன், சாரதி பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிபாருங்கள். பிறகு டயரின் தேய்மானம். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, திரும்பும்போது அரம் மாதிரிப் பிடித்தால் டோ அளவு, அதாவது இரண்டு முன்சக்கரமும் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு, தவறியிருக்கிறது. ஒரே ஒரு ஓரம் மட்டும் மொட்டையானால் கேம்பர் (சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கும் அளவு) அல்லது வளைந்த ஆர்ம்.

அடுத்தது ஸ்டியரிங் வளையத்தின் சும்மா ஆட்டம். சக்கரங்களை நேராக வைத்து, பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் எஞ்சினை ஓடவிட்டு, வளையத்தின் விளிம்பில் ஒரு சொக்கட்டிக் குறி போடுங்கள். ஒருவர் கதவுக்கு வெளியே நின்று முன் டயரையே பார்க்க வேண்டும். விரல் நுனியால் வளையத்தை இடம் வலமாக அசைத்து, டயர் அசையாமல் வளையம் மட்டும் எவ்வளவு தூரம் போகிறது என்று அளவுங்கள். பல ஜப்பான் கார்களின் கையேடுகள் அதிகபட்சம் 30 மில்லிமீற்றர் என்கின்றன. அதற்கு மேல் போனால் தேடுதல் கட்டாயம். அதற்குள் இருந்தாலும், முன்பைவிடக் கூடியிருந்தால் தேடுவதே நல்லது.

இப்போது மிக முக்கியமான சோதனை. உதவிக்கு இருப்பவரிடம், "தம்பி, லேசா ஆட்டு, முழுசாத் திருப்பாத" என்று சொல்லிவிட்டு நீங்கள் முன்சக்கரத்தின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போது வளையத்தை இடம் வலமாகச் சிறிதாக ஆட்டினால், ஒவ்வொரு மூட்டும் தன் லூசை மறைக்க முடியாமல் காட்டிவிடும். டை ரொட் எண்ட்டின் மேல் இரண்டு விரலை, பாதி கம்பியிலும் பாதி நக்கிளிலும் படும்படி வையுங்கள். நல்ல மூட்டில் இரண்டும் ஒன்றாகவே அசையும். தேய்ந்த மூட்டில் கம்பி ஒரு கணம் முந்திப் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு தட்டு விரலுக்குத் தெளிவாகத் தெரியும்.

அப்படியே உள்ளே போய் ரேக் பூட்டைக் கையால் அமுக்கிப் பிடியுங்கள். ரப்பருக்குள் ரேக் எண்ட் துள்ளுகிறதா என்று உணரலாம். பிறகு ரேக் முழுவதுமே உடம்பிலிருந்து அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் ரேக் பூட்டிய ரப்பர் புஷ் போய்விட்டது. கடைசியாக சாரதியின் காலடியில் யுனிவர்சல் ஜொயின்ட். அதன் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். அதன் கிளாம்ப் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

ஸ்டியரிங் பெட்டி உள்ள வேனில், பெட்டியைச் சட்டத்தில் பூட்டிய போல்ட், பிட்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் மூன்றையும் இதே ஆட்டத்தில் பாருங்கள். ஐட்லர் ஆர்மைக் கையால் பிடித்து ஆட்டும்போது மேலும் கீழும் அசைந்தால் புஷ் முடிந்தது. பெட்டியின் மேல் உள்ள அட்ஜஸ்ட் ஸ்குரூவில் முதலில் கை வைப்பது பெரிய தவறு. மற்ற எல்லா மூட்டும் நல்லதென்று தெரிந்த பிறகு, எட்டில் ஒரு சுற்று வீதம் மட்டுமே இறுக்கி, ஒவ்வொரு தடவையும் முழு இடமும் முழு வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

படி 3: சக்கரத்தைத் தூக்கி

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்த பிறகு, டயரை இரண்டு கையாலும் கடிகாரத்தின் 3 மணிக்கும் 9 மணிக்கும் உள்ள இடத்தில் பிடித்துத் தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ரொட் எண்ட், ரேக் எண்ட், ரேக் என்ற வரிசையில் சந்தேகம். பிறகு 12க்கும் 6க்கும் பிடித்து ஆட்டுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது வீல் பெயரிங். இரண்டையும் பிரித்தறிய, உதவியாளரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட்.

போல் ஜொயின்ட்டை உறுதியாக அறிய, லீவர் கம்பியை நக்கிளுக்கும் லோவர் ஆர்முக்கும் இடையில் விட்டு மெதுவாக நெம்புங்கள். ரப்பரைக் கிழித்துவிடாமல் கவனம். ஸ்பிரிங் லோவர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வாகனமானால், ஜாக்கை ஆர்மின் அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் லூசு தெரியும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதை மறைத்துவிடும்.

ரப்பர் பூட்டுகளை அவசரமில்லாமல் பாருங்கள். நம் காலநிலையில் மூட்டுகளின் ஆயுளைத் தீர்மானிப்பதே இந்த ரப்பர்தான். ரேக் பூட்டின் வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் மறுபக்க மடிப்புகள் விரியும், அப்போது தெரியும். டை ரொட் எண்ட்டின் ரப்பரைச் சுற்றி செங்கல் நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிறீஸ் தீர்ந்து இரும்பை இரும்பு தின்கிறது என்று அர்த்தம். ரேக் பூட்டை அமுக்கினால் கலங்கல் தண்ணீர் வந்தால் துரு தொடங்கிவிட்டது. சிவப்பு ஒயில் வந்தால் ரேக்கின் சீல் போய்விட்டது. முதலாவதைப் பூட் மாற்றிச் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு ரேக்கையே கழற்ற வேண்டும்.

படி 4: பவர் ஸ்டியரிங்

ஒயிலில் வேலை செய்யும் முறை என்றால் டாங்கியின் மூடியைத் திறந்து அளவையும் நிறத்தையும் பாருங்கள். கறுத்துப்போய் கருகிய வாசம் வந்தால் மாற்ற வேண்டும். நுரைத்திருந்தால் எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. ஒயில் தானாகக் குறைவதில்லை. குறைந்தால் கசிகிறது. பைப் மூட்டு, பம்ப், ரேக் மூன்றையும் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் ஈரம் எங்கே என்று தெரிந்துவிடும். கையேட்டில் சொன்ன ஒயிலையே ஊற்றுங்கள். பல ஜப்பான் வண்டிகளுக்கு ஏடிஎஃப் எனப்படும் ஒட்டோ கியர் ஒயில் சரி, ஹொண்டாவுக்கு அதற்கென்றே தனி ஒயில். பிரேக் ஒயிலை மட்டும் தவறியும் ஊற்றாதீர்கள், சீல் எல்லாம் ஊதிப் போகும்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துப் பனிக்காலைகளில், முழுதாகத் திருப்பும்போது "கீச்" என்று கத்துவது பெரும்பாலும் பெல்ட். வெடித்திருக்கிறதா, பளபளவென்று மினுங்குகிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒயில் மாற்றிய பின் காற்றெடுக்க வேண்டும். முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை திருப்புங்கள். குறையக் குறைய ஒயில் ஊற்றுங்கள். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு அதையே செய்யுங்கள். கடைசியில் திருப்பி ஐந்து வினாடிக்கு மேல் அங்கேயே பிடித்து வைக்காதீர்கள், பம்ப் சூடாகிக் கெடும்.

புதிய சிறு கார்களில் மின்சார பவர் ஸ்டியரிங் (இபிஎஸ்) இருக்கும். ஸ்டியரிங் கனத்து, இபிஎஸ் விளக்கும் எரிந்தால் முதலில் பாட்டரியைப் பாருங்கள். நிறுத்திய நிலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அடுத்து ஃபியூஸ், எர்த் வயர். ஒடுக்கமான இடத்தில் நின்றபடியே முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்பத் திருப்பினால், மோட்டர் சூடாகித் தற்காலிகமாக உதவியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, ஆறியதும் சரியாகும். மற்றதற்கெல்லாம் ஸ்கேனர் உள்ள கராஜ்தான் வழி.

படி 5: டை ரொட் எண்ட் மாற்றுவது

வீட்டில் துணிந்து செய்யக்கூடிய வேலை இது. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்தி, தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். புரிகளைக் கம்பி பிரஷால் தேய்த்து ஸ்பிரே அடித்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நம் ஈரத்தில் இவை துருப்பிடித்துத்தான் இருக்கும்.

லொக் நட் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ரேக் எண்ட் கம்பியில் வெள்ளைப் பெயின்ட் குறி போடுங்கள். லொக் நட்டை டை ரொட் எண்ட் விலகும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்தெடுத்து, கோட்டை வெட்டுள்ள நட்டைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றாமல் இரண்டு மூன்று புரியில் விட்டு வையுங்கள். மூட்டு விடும்போது கம்பி தெறிக்காது.

இப்போது புல்லரை மாட்டி இறுக்கினால் "டொக்" என்று விடும். புல்லர் இல்லாவிட்டால், நக்கிளில் மூட்டு புகுந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் ஒரு சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். புரியின் தலையில் அடிப்பது வேண்டாம்.

பழையதைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் ஒன்றா என்று பார்ப்பதும் அவசியம். கூம்பான பகுதியில் கிறீஸ் பூசக்கூடாது, சுத்தமாக, உலர்ந்திருக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தால், ஜாக்கை அடியில் கொடுத்து மெல்ல அழுத்திப் பிடித்து இறுக்குங்கள். இறுக்க அளவு பெரும்பாலான சிறு கார்களுக்கு 30 முதல் 50 நியூட்டன் மீற்றர் வரை, உங்கள் மொடலுக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தக்கூடாது. புதிய ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் மடியுங்கள். லொக் நட்டை இறுக்குங்கள். சக்கரத்தைப் பூட்டித் தரையில் இறக்கி, நட்டுகளைக் குறுக்காக இறுக்குங்கள். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீற்றர்.

ரேக் பூட் கிழிந்திருந்தால் டை ரொட் எண்ட் கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள். துடைத்து, ரேக் எண்ட்டில் புதிய கிறீஸ் வைத்து, கிளாம்ப் சரியாக உட்காரும்படி பூட்டுங்கள். கட்டுக்கம்பியால் சுற்றினால் தண்ணீர் போகும்.

படி 6: போல் ஜொயின்ட்டும் ரேக்கும் – கராஜுக்குக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள்

டை ரொட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் திசை தவறும். போல் ஜொயின்ட் கழன்றால் சக்கரமே வெளியே மடிந்து, வண்டி அந்த மூலையில் நிலத்தில் உட்கார்ந்துவிடும். ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக் பைப்பும் அறுந்து போகலாம். ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமான பாதையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 12க்கும் 6க்கும் ஆட்டம் கண்ட வண்டியை "அடுத்த சம்பளத்தில் பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள். ஆட்கள் ஏற்றும் வேன், பள்ளிக்கூட வேன் என்றால் அன்றே நிறுத்துங்கள்.

சில கார்களில் போல் ஜொயின்ட் தனியாகப் போல்ட்டில் வரும். சிலவற்றில் ஆர்முக்குள் பிரஸ் பண்ணி இறக்க வேண்டும். வேறு சிலவற்றில் ஆர்மோடு சேர்ந்தே விற்பார்கள். பிரஸ் இல்லாத இடத்தில் சுத்தியலால் அடித்து இறக்கிய ஜொயின்ட்டை நான் நம்பமாட்டேன்.

நம் ஊர்களில் இன்னும் நடக்கும் சில வேலைகளை நேரடியாக மறுத்துவிடுங்கள். தேய்ந்த போல் ஜொயின்ட்டைத் திறந்து நைலோன் வைத்து வெல்டிங் செய்வது, முறிந்த டை ரொட்டை ஒட்டுவது, கானில் விழுந்து வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவது, ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாக ஆணியோ கம்பியோ விடுவது. சூடு பட்ட இரும்பின் பலம் மாறிவிடும். வெளியே பார்க்க அது பழையபடி இருக்கும், முறியும்போது சொல்லாது. இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்க வழியே இல்லை.

ரேக் மாற்றுவதானால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய ரேக்கைக் கையால் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். எங்கும் தடங்காமல், நடுவில் லூசாகாமல் போக வேண்டும். பூட்டை விலக்கி உள்ளே கம்பி மினுமினுப்பாக, துருப்புள்ளி இல்லாமல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். புதிய பாகமானால் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். பெயர் பெற்ற ஜப்பான் முத்திரைகளின் பெட்டியில் போலியும் வருகிறது.

எயார்பேக் உள்ள காரில் ரேக் கழற்றும் முன் ஸ்டியரிங் வளையத்தை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வளையம் சுழன்று உள்ளே இருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும். இதைக் கராஜ் பாஸுக்கு ஞாபகப்படுத்த வெட்கப்பட வேண்டியதில்லை. ரேக்கின் அட்ஜஸ்ட் நட்டை இறுக்கி லூசை மறைக்கவும் விடாதீர்கள். நடுவில் லூசு போன மாதிரி இருக்கும், முழுதாகத் திருப்பினால் இறுகிக்கொள்ளும்.

எஞ்சினை நிறுத்தி இறங்குவது பற்றி

பெற்றோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் நிறுத்தி இறக்கத்தில் விடுகிறார்கள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங்கின் உதவி போய்விடும், வளையம் பல மடங்கு கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்கே வரும். கை தவறிச் சாவியைப் பின்னுக்குத் திருப்பி இழுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். புதிதாகப் பூட்டிய எந்தப் பாகமும் அந்த நேரத்தில் உதவாது. ஏறிய கியரிலேயே, எஞ்சின் ஓடியபடி இறங்குங்கள்.

படி 7: எலைன்மென்ட்

டை ரொட் எண்ட் மாற்றிய வண்டியை எலைன்மென்ட் கடை வரை ஓட்டுவதற்குத் தற்காலிக அளவு ஒன்று எடுக்கலாம். சமமான தரையில் சக்கரங்களை நேராக வைத்து, இரண்டு முன் டயரின் நடுக்கோட்டிலும், முன்பக்கத்தில், அச்சின் உயரத்தில் சொக்கட்டிக் குறி போட்டு இடைத்தூரத்தை அளவுங்கள். பிறகு அதே குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னால் தள்ளி மறுபடி அளவுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் இருந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம். அதற்கு மேலென்றால் இரண்டு பக்கக் கம்பியையும் ஒரே அளவு திருகிச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும்.

கடையில் வண்டியை ஏற்றுவதற்கு முன் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல சிறு கார்களில் டோ மட்டும்தான் மாற்றக்கூடியது. கேம்பர் அளவு இரண்டு பக்கமும் பெரிதாக வேறுபட்டால் ஏதோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். மின்சார ஸ்டியரிங் உள்ள சில மொடல்களுக்கு அதன்பின் சென்சரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது முதலில் சமமான பாதையில் மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் திருப்பி, வளையம் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பிறகே இறக்கத்துக்கு எடுங்கள். ஒரு கிழமை ஓடியபின் சக்கர நட்டு, லொக் நட்டுகளை மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்து, ஸ்பிளிட் பின்னைக் கண்ணால் ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன் ஒருமுறையும், சிவனொளிபாதமலைப் பருவத்துக்கு ஆட்கள் ஏற்றத் தொடங்கும் டிசம்பருக்கு முன் ஒருமுறையும் இரண்டாவது, மூன்றாவது படிகளை மட்டும் செய்தாலே போதும். தோட்டத்துப் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எலைன்மென்ட் கடையில் கொடுக்கும் அளவுத் தாளை வீசாமல் டேஷ்போர்ட் பெட்டியில் வையுங்கள். அடுத்த தடவை எடுக்கும் அளவை அதோடு ஒப்பிட்டால், எந்தப் பக்கம் எது மாறியது, எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.